அலங்கு கேட்டால் பலாப்பழம் தருகிறார்கள்

புதுச்சேரி மிஷன் வீதி, நேரு வீதிப் பக்கக் கைவினைக் கடைகளில் யானை, மயில், ஆமை வரிசையில் இப்போது செதில் போர்த்த எறும்புத்தின்னியான அலங்கும் வந்து உட்கார்ந்துவிட்டது. சுடுமண்ணில் ஒன்று, காகிதக்கூழில் ஒன்று, கேன்வாஸில் அச்சடித்த புகைப்படம், கைக்காகிதத்தில் பேனாச் சித்திரம், ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்த வில்லை. கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலுப் பொம்மையாகவும் கிடைக்கிறது. விலை 120 ரூபாயில் தொடங்கி 5,000 வரை போகிறது. இந்த ஆறையும், காமிராப் பொறி (விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் காமிரா) பிடித்த படம் ஒன்றை அச்சடித்துச் சட்டமிடும் வேலையையும் சேர்த்துத்தான் இந்த மதிப்பீடு. கடைப் பெயர்களைத் தரவில்லை. ஒரே பட்டறைச் சரக்கு நாலு கடையில் நாலு விலைக்கு இருக்கும்போது பெயரைச் சொல்லி என்ன பயன்?

கேள்வி ஒன்றுதான்: கையில் கொடுப்பது நம் ஊர் அலங்குதானா?

சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. அலங்கு, அழுங்கு, எறும்புத்தின்னி எல்லாம் ஒரே விலங்குக்கு வழங்கும் பெயர்கள். உடும்புப்பிடி போல அழுங்குப்பிடி என்றும் தமிழில் ஒரு சொல் உண்டு. சுருண்ட அலங்கைப் பிரிக்க முயன்றவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். ஆனால் பட்டறையில் உட்கார்ந்து செல்பேசியில் 'எறும்புத்தின்னி' என்று தேடினால், நீண்ட குழாய் மூக்கும் துடைப்ப வாலும் கொண்ட தென் அமெரிக்க விலங்கு வந்து நிற்கிறது. அது உடம்பெல்லாம் மயிர், செதிலே கிடையாது. 'அலங்கு' என்று தேடினால் அதே பெயருள்ள நாட்டு நாய் வருகிறது. செதில், சுருளல் என்று எதையாவது சேர்த்துத் தேடினால், ஓடு போர்த்த அமெரிக்க விலங்கான ஆர்மடில்லோ. கைவினைஞர் மேல் குறை சொல்வதற்கு முன் இதை மனத்தில் வைக்க வேண்டும். 1515இல் ஜெர்மன் ஓவியர் ட்யூரர் தான் பார்த்தே இராத காண்டாமிருகத்துக்கு இரும்புக் கவசம் மாட்டி வரைந்தார். இருநூறு ஆண்டுக்கு மேல் ஐரோப்பா அதையே பார்த்துப் பார்த்து வரைந்தது. அலங்குக்கு இன்று நடப்பதும் அதுதான், செல்பேசி வேகத்தில்.

உலகில் அலங்கு எட்டு வகை. ஆசியாவில் நாலு, ஆப்பிரிக்காவில் நாலு. இந்தியாவில் இரண்டு, அதில் சீன அலங்கு வடகிழக்கோடு சரி. தமிழ்நாட்டில் இருப்பது இந்திய அலங்கு ஒன்றுதான். அறிவியல் பெயர் மேனிஸ் க்ராசிகாடேட்டா. 'க்ராசிகாடேட்டா' என்றால் தடித்த வால். கடையில் எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் வாலைப் பாருங்கள். இடுப்பு எங்கே முடிகிறது, வால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு அடிவால் அகலமாக இருக்க வேண்டும். தலையும் உடலும் சேர்ந்து அரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டர் வரை. வால் அதைவிடக் குறைவு. வால் உடலைவிட நீண்டு சாட்டைபோல் தொங்கினால் அது ஆப்பிரிக்க மரவாசி.

அடுத்து செதில். இந்திய அலங்கின் செதில் பெரிது, எண்ணிக்கை குறைவு. நடு உடம்பில் ஒரு விலாவிலிருந்து முதுகைக் கடந்து மறு விலா வரை எண்ணினால் 11 முதல் 13 வரிசை. மொத்தமே 160 முதல் 200 செதில்தான். முதுகின் நடுவில் போகும் வரிசை ஆசிய வகைகளில் வால் நுனி வரை அறுபடாமல் ஓடும். ஆப்பிரிக்க வகைகளில் வால் முடியும் முன்பே நின்றுவிடும். ஒவ்வொரு செதிலிலும் அடியிலிருந்து நுனியை நோக்கி நீளவாட்டில் நுண்ணிய கீற்றுகள் உண்டு. நகம், மயிர் எல்லாம் எதனால் ஆனதோ அதே கெரட்டின். முகம், தொண்டை, வயிறு, கால்களின் உட்பக்கம் இங்கெல்லாம் செதில் இல்லை. வெறும் தோல், கொஞ்சம் மயிர். வாலின் அடிப்பக்கத்தில் மட்டும் செதில் உண்டு. காது மடல் சிறிதாகத் தெரியும். ஆப்பிரிக்க வகைகளுக்கு மடல் கிடையாது. முன்கால் நகம் ஐந்தில் நடு மூன்றும் நீளம், பின்கால் நகம் குட்டை. வாயில் ஒரு பல்கூட இல்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பாதிப் பொருளைக் கையில் எடுக்கவே தோன்றாது.

சுடுமண் அலங்கில் தொடங்கலாம். ஆறில் இதற்குத்தான் முதல் மதிப்பெண். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஐயனார் குதிரையும் யானையும் செய்து பழகிய கை. அந்தக் கை அலங்கில் ஏன் ஜெயிக்கிறது என்றால், செதிலை அச்சில் போட்டு எடுக்காமல் ஒவ்வொன்றாக ஒட்டுகிறது. 30 சென்டிமீட்டர் நீளப் பொம்மை 650 ரூபாய். இந்த அளவுக்கு உடல் 17, வால் 13 என்று பிரிந்தால் விகிதம் சரி. செதில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வர வேண்டும். உண்மையான செதில் ஆறரை, ஏழு சென்டிமீட்டர் நீளம் என்பதால் கணக்கு அப்படித்தான் விழுகிறது. பொம்மையில் சுண்டுவிரல் நகம் அளவுச் செதில் முந்நூறு ஒட்டியிருந்தால், உழைப்புக்குக் கும்பிடு போடலாம். அலங்கு என்று சொல்ல முடியாது.

ஒட்டும் திசையில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. ஓடு வேய்கிறவர் எங்கே தொடங்குவார்? இறவாணத்தில் தொடங்கி முகட்டுக்கு ஏறுவார். அப்போதுதான் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படியும். அலங்குக்கு இறவாணம் வால் நுனி, முகடு தலை. வால் நுனியில் முதல் செதிலை வைத்து வரிசை வரிசையாகத் தலையை நோக்கி வந்தால் முன்வரிசை பின்வரிசையை மூடும். கூர்நுனிகள் எல்லாம் வாலைப் பார்த்திருக்கும். தலையிலிருந்து தொடங்கி ஒட்டியவற்றில் நுனி முன்னோக்கி நிற்கிறது. அப்படி ஓர் அலங்கு வளைக்குள் நுழைந்தால் ஒவ்வொரு செதிலும் மண்ணில் மாட்டிக்கொள்ளும். கடையில் பொம்மையைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவிப் பாருங்கள். கை வழுக்கிப் போனால் சரி, குத்தினால் தலைகீழ். இரண்டாவது, அடுத்தடுத்த வரிசைச் செதில்கள் செங்கல் கட்டுபோல் மாறி மாறி விழ வேண்டும். ஒன்றின் பின்னால் ஒன்று நேர்கோட்டில் நின்றால் இடையில் ஓடை விழும். அது முதலை முதுகு.

ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொல்பவர்கள் படத்தை மட்டும் காட்டிவிட்டு வரவேண்டாம். "அண்ணே, வால்ல ஆரம்பிச்சுத் தலைக்கு வாங்க, ஓடு வேயற மாதிரி, வயித்துல செதில் வேணாம்" என்று சொன்னால் போதும். வேலை தெரிந்தவருக்கு அந்த ஓர் உவமை பத்துப் படத்துக்குச் சமம்.

மண் வேலையில் கவனிக்க வேண்டியவை வேறு சில. உடல் உள்கூடாக, சுவர் 8 முதல் 10 மில்லிமீட்டர் இருக்கும். செதில் 3 மில்லிமீட்டர். மெல்லிய செதில் முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த உடல் பிறகு சுருங்கும். இந்த இழுபறியில்தான் செதில் அடியில் மயிரிழை வெடிப்பு விடுகிறது. உடல் ஈரம் குறைந்து தோல்பதத்துக்கு இறுகி வந்ததும், ஒட்டுமிடத்தைக் கீறி, மண்குழம்பு தடவி, செதிலின் அடிப்பாதியை மட்டும் அழுத்தி, நுனிப்பாதியைச் சற்றே தூக்கி விட வேண்டும். பிறகு இரண்டு நாள் ஈரத்துணி மூடி, அதன்பின் நிழலில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் உலர்த்த வேண்டும். அவசரத்துக்கு வெயிலில் வைத்ததெல்லாம் சூளையில் செதில் உதிர்த்துவிடும். வயிற்றில் பென்சில் பருமன் துளை ஒன்று இருக்க வேண்டும். ஈரம் முழுதும் போகாத கூடு சூளைக்குப் போனால் நீராவி வெளியேற வழி தேடி உடலையே உடைத்துவிடும். வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். கணீர் என்றால் வெந்திருக்கிறது. பொத் என்றால் எங்கோ வெடிப்பு அல்லது அரைவேக்காடு.

இந்தப் பொம்மையின் குறை நாக்கு. எல்லாப் பட்டறையும் நாக்கைப் பாம்புபோல் வெளியே நீட்டி வைத்துவிடுகிறது. அலங்கின் நாக்கு நீளம்தான். வேர் வாய்க்குள் முடியாமல் மார்புக்கூட்டின் கடைசி விலாப் பக்கம் வரை போகிறது. ஆனால் அது மண்புழு பருமன். மண்ணில் அந்தப் பருமனில் செய்தால் கடலூர் பஸ் வில்லியனூரைத் தாண்டுவதற்குள் ஒடியும். ஒடியாத பருமனில் செய்தால் விரல் நீட்டியதுபோல் இருக்கும். நாக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

வீட்டில் வைப்பவர்களுக்கு ஒரு சொல். கடற்கரையோர வீடுகளில் சுடுமண் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். மண்ணிலேயே இருக்கும் உப்பு ஈரத்தோடு மேலே வருவதும் கடற்காற்றும் சேர்ந்து செய்கிற வேலை. வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். உப்பு பூத்த கையோடு வார்னிஷ் அடித்தால் உள்ளே மாட்டிய ஈரம் வார்னிஷைச் செதில் செதிலாக உரித்தெடுக்கும். அலங்குக்கு அது பொருத்தம் என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. அதற்குரிய மரியாதையோடு சொல்ல வேண்டுமானால், இந்த விலங்குக்கு அந்த முறை ஒத்துவரவில்லை. காரணம் அச்சு. காகிதக்கூழோடு மாவுப்பசையும் சுண்ணத்தூளும் பிசைந்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்த்து, இரண்டு பாதி அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டுகிறார்கள். செதில் தூக்கி நின்றால் அடியில் குடைவு விழும். குடைவு விழுந்தால் பொம்மை அச்சைவிட்டு வராது. அதனால் அச்சுக்காரர் செதிலைத் தட்டையாக, மேலே ஒரு வரி கீறினாற்போல ஆக்கிவிடுகிறார். கைக்கு மொழுமொழுவென்று வருகிறது, கண்ணுக்கு மீன். இரு பாதி சேரும் தையல் முதுகு நடுவில் போவதால், அறுபடாமல் ஓட வேண்டிய அந்த நடுவரிசையே அழிந்துவிடுகிறது. தையலை விலாப் பக்கம் தள்ளி, செதில் இல்லாத வயிற்றோரத்தில் சேர்த்தால் இந்தக் குறை தீரும். புது அச்சு எடுக்கும் செலவு அது. சிறு பட்டறைக்கு நூறு பொம்மையாவது விற்றால்தான் கட்டும்.

வர்ணம் இன்னொரு வருத்தம். பளபளப்பு எனாமலில் தங்க நிறம். உயிருள்ள அலங்கு வெளிர் பழுப்பிலிருந்து மண்பழுப்பு வரை, புரண்ட மண்ணின் நிறத்தையும் சேர்த்துக்கொண்டு மங்கலாக இருக்கும். 280 ரூபாய்க்கு வர்ணம் பூசாத பொம்மை கேட்டால் சில இடங்களில் தருகிறார்கள். அதை வாங்கி, மங்கல் அக்ரிலிக்கில் காவிமண், கரும்பழுப்பு இரண்டையும் கலந்து அடித்து, காய்ந்தபின் வெளிறிய நிறத்தை உலர்ந்த தூரிகையால் செதில் ஓரங்களில் மட்டும் தேய்த்தால் தட்டைச் செதிலும் எழும்பி நிற்பதுபோல் தெரியும். எடை குறைவு, உடையாது, தபாலில் அனுப்பலாம். பள்ளிக்கூடத்துக்கு வாங்குபவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும்.

வண்டிப்பாளையம் கொலுப் பொம்மை சுருண்ட நிலையில் கிடைக்கிறது. தலைப்பில் சொன்ன பலாப்பழம் இதுதான். பண்ருட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் அந்தச் சாயல் வராமலா போகும்! பச்சை கலந்த மஞ்சள் வர்ணம் வேறு. சுருண்ட அலங்கில் வால்தான் வெளியே தெரியும் பெரிய பட்டை; அது தலையை மூடி, உடலைச் சுற்றி வந்து, நுனி எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுக் காட்டும்படி இருக்கும். இந்தப் பொம்மையில் அந்தப் பட்டையே இல்லை, உருண்டை முழுக்க ஒரே முள். கொலுப்படியில் காய்கறிக் கடைச் செட்டியார் பக்கத்தில் வைத்தால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

காந்த வில்லையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 120 ரூபாய். ஆர்மடில்லோ.

பேனாச் சித்திரம் எதிர்பாராத நல்ல பொருள். புதுச்சேரிக் கைக்காகிதத்தில், ஏ4 அளவு, 900 ரூபாய். வரைந்தவர் விலங்கைச் சரியான படங்களிலிருந்து படித்திருக்கிறார். கழுத்தில் செதில் சிறிது, முதுகில் பெரிது, விலாவில் மறுபடி சுருங்குவது என்ற ஏற்ற இறக்கம் வந்திருக்கிறது. வயிற்றை வரையவே இல்லை, காகிதத்தை அப்படியே விட்டுவிட்டார். அந்த வெறுமையே தோலாகிவிடுகிறது. முன்கால் நகங்களை உள்ளே மடித்து, மணிக்கட்டின் புறத்தை ஊன்றி நடக்கும் நிலையை இந்த ஆறில் பிடித்தது இவர் மட்டும்தான். நாலு காலில் நிற்கும் மற்றவற்றில் எல்லாம் உள்ளங்கால் ஊன்றி நிற்கிறது. கேட்டு வாங்க வேண்டிய விவரம் மை எது என்பது. சாய மை என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் வெளிறிவிடும். நிறமி மை நிற்கும். நீர் தொட்ட விரலால் ஓரத்தில் ஒரு கோட்டைத் தொட்டுப் பார்க்கக் கலைஞர் சம்மதித்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இனி விலை கூடியது, குறையும் கூடியது: கேன்வாஸ் படம். 18க்கு 24 அங்குலம், 4,800 ரூபாய். அடியில் 'இந்திய அலங்கு' என்று சீட்டு. படத்தில் இருப்பது பின்னங்கால் இரண்டில் நடந்து, முன்கால்களை மார்போடு சேர்த்து வைத்திருக்கும் விலங்கு. காது மடல் இல்லை. வால் முனை மழுங்கி உருண்டிருக்கிறது. புல்வெளி காய்ந்து பொன்னிறம். தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவின் டெம்மிங்க் அலங்கு அது. இந்திய அலங்கு எழுந்து நின்று மோப்பம் பிடிக்கும். நடப்பது நாலு காலில். சீட்டை மாற்றினால் படத்தில் குற்றம் இல்லை. ஆனால் சீட்டைப் பார்த்துத்தானே பிள்ளைகள் படிக்கிறார்கள், சீட்டைப் பார்த்துத்தானே அடுத்த பட்டறை பொம்மை செய்கிறது?

அச்சு வேலையும் சரியில்லை. 24 அங்குல நீளத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடிக்க 7,200 பிக்சல் வேண்டும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 புள்ளி, அதாவது 3,600 பிக்சல் போதும். 1,500 பிக்சல் கோப்பை இழுத்து அடித்தால் அங்குலத்துக்கு 62 புள்ளிதான் மிஞ்சும். அந்த இழுப்பை மறைக்கக் கூர்மையைக் கூட்டுகிறார்கள். செதில் ஒவ்வொன்றின் ஓரத்திலும் சுண்ணாம்புக் கோடுபோல் வெள்ளை விளிம்பு விழுந்துவிடுகிறது. ஓரடி தூரத்தில் நின்று ஒரே ஒரு செதிலைப் பாருங்கள். நீளவாட்டக் கீற்று தெரிந்தால் கோப்பு நல்லது. வெள்ளை விளிம்பு தெரிந்து கீற்று தெரியவில்லை என்றால் பணத்தைப் பையிலேயே வையுங்கள். நல்ல கோப்பாக இருந்தாலும் கேன்வாஸ் இந்த விலங்குக்கு ஏற்ற பரப்பு இல்லை. துணியின் ஊடும்பாவும் செதிலின் கீற்றும் ஏறக்குறைய ஒரே நுண்மையில் மோதிக்கொள்ளும். புலிக்கு, யானைக்குக் கேன்வாஸ் எடுபடும். அலங்குக்கு மழமழப்பான மங்கல் பருத்திக் காகிதம்தான்.

புகைப்படம் வாங்கும்போது கேட்க வேண்டிய பெரிய கேள்வி இன்னொன்று: இது எங்கே எடுத்தது? அலங்கு இரவில் நடமாடும், தனியாகத் திரியும், பகலில் வளையில் தூங்கும். காட்டில் அதன் முகத்துக்கு நேரே மூன்றடியில், பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் என்றால் பெரும்பாலும் அது மீட்கப்பட்ட விலங்கு, இல்லையேல் காப்பக விலங்கு. அதில் தப்பில்லை, சொல்லிவிட்டால். ஒடிசாவின் நந்தன்கானனில் இந்திய அலங்குக்கென்றே இனப்பெருக்க மையம் இருக்கிறது. உடற்கூறு தெரிய அப்படிப்பட்ட இடத்துப் படங்கள் மிகவும் நல்லவை. உலகம் அலங்கைத் திரும்பிப் பார்த்ததே மறைக்காத படங்களால்தான். இந்தோனேசியாவின் மேடானில் பிடிபட்ட சுமார் 4,000 உறைந்த அலங்குகளைக் குவியலாகக் காட்டிய பால் ஹில்டனின் படம் 2016இல் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் செய்திப்படப் பரிசு பெற்றது. ப்ரெண்ட் ஸ்டிர்டனின் அலங்குப் படத்தொடருக்கு 2020இல் உலகச் செய்திப்பட அமைப்பின் இயற்கைப் பிரிவில் முதல் பரிசு. இரண்டிலும் விலங்கு எங்கே, யார் கையில், எந்த நிலையில் என்பது விளக்கக் குறிப்பிலேயே இருக்கும். வரவேற்பறைக்கு விற்கிற படங்களில்தான் பராமரிப்பாளரின் விரலை வெட்டிவிட்டு 'காட்டின் மௌனம்' என்று தலைப்பு வைக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் நகத்தையும் மூக்கையும் பாருங்கள். தோண்டித் தின்னும் விலங்கின் நகத்திடுக்கிலும் மூக்கு மடிப்பிலும் மண் இருக்கும். கழுவி விட்டதுபோல் செதில் மின்னி, நகம் சுத்தமாக, தரையில் சருகு பரப்பி வைத்ததுபோல் இருந்தால் அது ஏற்பாடு செய்த படம். படத்துக்காக விலங்கைச் சுருள வைத்துக் காத்திருப்பதும், பிரித்து விடுவதும் மோசம். சுருள்வது அழகுக்காக இல்லை, பயத்தில்.

இப்படி எல்லாம் பார்த்தபின் நேர்மையான படம் என்று மிஞ்சுவது காமிராப் பொறிப் படம். அழகு குறைவு. கறுப்பு வெள்ளை, மணல் தூவியதுபோல் புள்ளி, பாதி நேரம் வால் மட்டும். ஆனாலும் அதைச் சரியாக அச்சடித்தால் மற்ற ஆறையும் கழற்றிவிட்டு அதை மாட்டலாம் என்பது என் கட்சி. புதுச்சேரியில் நிறமி மையில் பருத்திக் காகித அச்சு செய்து தருகிறார்கள். 12க்கு 18 அங்குலம் 1,900 ரூபாய். வேலை சுத்தம். ஆனால் கோப்பைத் தயார் செய்யாமல் போனால் அவர்கள் என்ன செய்ய முடியும்?

பொறியின் பெட்டியில் 20 மெகாபிக்சல், 30 மெகாபிக்சல் என்று போட்டிருப்பதை நம்பிப் பெரிதாக அடிக்க வேண்டாம். பெரும்பாலானவற்றில் அது மென்பொருள் ஊதிய கணக்கு. உண்மையான உணரி (சென்சார்) அதில் சிறு பங்கு. ஏ4 அளவில் மிடுக்காக இருக்கும் படம் ஏ2இல் சாணித்தாளாகிவிடும். அகச்சிவப்பு ஒளி அருகிலிருக்கும் செதிலில் பட்டுத் தெறிப்பதால் முதுகில் வெள்ளைத் திட்டு எரிந்து நிற்கும். எரிந்த இடத்தை மீட்க முடியாது. சுற்றியுள்ளதை மட்டும் சற்று இருட்டாக்கலாம். புள்ளியைப் போக்கும் மென்பொருளை முழு வேகத்தில் ஓட்டினால் செதில் கீற்று மெழுகாகிவிடும். மூன்றில் ஒரு பங்கு ஓட்டி நிறுத்தி, மீதிப் புள்ளியைக் காகிதத்தின் சொரசொரப்பிடம் விட்டுவிடுங்கள். அச்சுக்காரரிடம் கறுப்பு வெள்ளைக்கான தனி முறையில் அடிக்கச் சொல்ல வேண்டும். வண்ண மைகளைக் கலந்து சாம்பல் வரவழைத்தால் கடை விளக்கில் சரியாகத் தெரியும். வீட்டு எல்இடியில் பச்சையோ இளஞ்சிவப்போ அடிக்கும். சோதனைக்கு உள்ளங்கை அளவு ஒரு துண்டு அடித்து, வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலிலும் பாருங்கள்.

படத்தின் அடியில் தேதி, நேரம், வெப்பநிலை, நிலாப்பிறை காட்டும் பட்டை வரும். அழகுக்காக அதை வெட்டுகிறார்கள். வெட்ட வேண்டாம், அந்தப் பட்டைதான் படத்தின் சாட்சி. இடத்தைக் காட்டும் எண்களோ பொறியின் பெயரோ அதில் இருந்தால் அதை மட்டும் அழித்துவிடுங்கள், கோப்புக்குள் மறைந்திருக்கும் விவரத்தையும் சேர்த்து. வளை இருக்கும் இடம் வேட்டைக்காரனுக்குத் தெரிந்தால் அடுத்த படம் வராது.

சட்டம் போடுவதைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் செய்தால் புதுச்சேரி ஹெரிடேஜ் டவுன் விலையில் பாதி. ஆனால் சொல்லிச் செய்ய வேண்டும். வழக்கமாகக் கண்ணாடியைப் படத்தின் மேல் நேராக அழுத்திவிடுவார்கள். நம் கடற்கரை ஈரத்தில் இரண்டு மழைக்குள் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை கண்ணாடியில். அமிலமற்ற மவுண்ட் அட்டை இரண்டு அங்குலம் விட்டு நடுவில் படம் இருக்கட்டும்; அந்த அட்டையின் கனமே இடைவெளி. பின்பக்கம் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை வேண்டாம், ஈரம் குடித்து உப்பும். பழுப்பு டேப்பால் படத்தை ஒட்டக் கூடாது, பசை ஊறி மஞ்சள் கறை முன்னே வரும். கீழ் இரண்டு மூலையிலும் ரப்பர் பொத்தான் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும், ராமபாணப் பூச்சி குடியேறாது. மழையில் வேர்க்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள்.

கடைசியாக ஒரு வகைப் பொருள். பழம்பொருள் என்றும் திருஷ்டிக்கு என்றும் சொல்லி அலங்குச் செதிலில் செய்த மோதிரம், தாயத்து யாராவது நீட்டினால் தொடாதீர்கள். அலங்கு 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. விற்றவருக்கு மட்டுமல்ல, வைத்திருப்பவருக்கும். 2017 ஜனவரி முதல் உலக அளவிலும் எட்டு வகைக்குமே வணிகத் தடை. செதிலுக்கு மருத்துவ குணம் என்பவர்களிடம், உங்கள் நகத்தை வெட்டி உரசிக் குடியுங்கள், அதே சரக்குதான் என்று சொல்லலாம்.

சுடுமண் அலங்கு ஆர்டர் கொடுப்பவர்கள் ஆடிக்குள் கொடுத்துவிடுங்கள். புரட்டாசியில் கொலு வேலை பட்டறையைப் பிடித்துக்கொள்ளும், ஐப்பசியில் மழை பிடித்தால் செதில் காயாது. உலக அலங்கு நாள் பிப்ரவரி மூன்றாம் சனிக்கிழமை வருகிறது. அதற்குப் பொம்மை வேண்டும் என்று தையில் போய் நின்றால் கையில் கிடைப்பது அவசரத்தில் வெயிலில் காயவைத்ததாகத்தான் இருக்கும்.